கொழும்பின் உழைப்பாளர் சரித்திரம் – 17: நாற்பத்தைந்து மணி நேரம்

1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும், மருதானையில் உயிர்ப்பலி கொண்ட 1929ஆம் ஆண்டு டிராம் வேலைநிறுத்தத்தையும் சென்ற இரண்டு அத்தியாயங்களில் கண்டோம். அந்தப் போராட்டங்களின் முகப்பில் நின்றது கூலி பற்றிய கோரிக்கை. அதன் பின்னால், அதிகம் பிரஸ்தாபிக்கப்படாமல், மற்றொரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூலி எத்தனை மணி நேர உழைப்புக்கு? நாட்கூலி இவ்வளவு என்று முதலாளி எழுதிக் கையொப்பமிட்டாலும், அந்த நாள் எப்போது விடிந்து எப்போது முடிகிறது என்பதையும் அவரே தீர்மானிப்பாரானால், முழக்கோலை வாங்குகிறவன் தன் இஷ்டப்படி நீட்டிக்கொள்ள விட்டுவிட்டு, முழத்துக்கு இன்ன விலை என்று துணி விற்ற கதையாகத்தான் அந்த ஒப்பந்தம் முடியும். கொழும்பு நகரத்து உழைப்பாளர் இந்த உண்மையை உணர்ந்து, அதைச் சட்டமாக ஆக்கிக்கொள்வதற்கு ஏறக்குறைய 35 ஆண்டுகள் பிடித்தன. அந்த 35 ஆண்டுகளின் கதையே இந்த அத்தியாயம்.

1919ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் முயற்சியால் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கம் கொழும்பில் ஸ்தாபிக்கப்பட்டது. சிவில் சேவையில் உயர் பதவிகள் வகித்து ஓய்வு பெற்றவரும், அதே ஆண்டின் இறுதியில் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராக அமர்ந்தவருமான அந்தப் பெருமகனார், வேலையை விட்டுப் போன குற்றத்துக்காகத் தோட்டத் தொழிலாளியைச் சிறையில் அடைக்க இடங்கொடுத்த 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை ஒழிக்க வேண்டுமென்பதையும், குறைந்தபட்சக் கூலியைச் சட்டத்தால் நிர்ணயிக்க வேண்டுமென்பதையும் தம் வாழ்வின் கடைசிக் காலத்துக் காரியங்களாக மேற்கொண்டார். அவர் கொழும்பில் இதைப் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டின் பிற்பகுதியில், கடல் கடந்த வாஷிங்டன் நகரில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழில் மாநாடு, கைத்தொழில் ஸ்தாபனங்களில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கும் வாரமொன்றுக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கலாகாது என்று தன் முதலாவது சமவாயத்தை நிறைவேற்றிற்று.

ஆயினும், அந்த 48 மணி நேரம் உலகத்தார் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைத்துவிடவில்லை. பிரித்தானிய இந்தியாவுக்கென்று அச்சமவாயத்திலேயே தனி விதியொன்று எழுதப்பட்டு, அங்கு வாரத்துக்கு 60 மணி நேரம் என்று வரையறுக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அந்த 60ஐ ஏற்றுக்கொண்டது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் அதை 54ஆகக் குறைத்தது. இந்தியா சுதந்திரம் பெறும் தறுவாயில்தான் 48 என்ற அளவு அந்நாட்டுத் தொழிலாளிக்கு எட்டிற்று. இலங்கையோ அப்போது ஒரு குடியேற்ற நாடு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தில் 1948இல்தான் அது அங்கத்துவம் பெற்றது. ஆகவே, கொழும்பில் நூல் நூற்றவனும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், புறக்கோட்டையில் துணி அளந்தவனும் வாஷிங்டன் தீர்மானத்தைப் பத்திரிகையில் வாசித்திருக்கலாமே தவிர, அதைக் காட்டி உரிமை கேட்பதற்கு இடமிருக்கவில்லை.

நேரத்தையும் கூலியையும் ஒரே முடிச்சில் கட்டிய முதல் சட்டம், விந்தையாக, நகரத்துக்கு வராமல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கே சென்றது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டமே அது. 1929இல் அதன்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நாட்கூலி நிர்ணயமாயிற்று. கூலியை நிர்ணயித்த அச்சட்டம், நாளையும் நிர்ணயித்தாக வேண்டியிருந்தது. சாப்பாட்டு வேளை உட்பட 9 மணி நேரமே ஒரு நாள் வேலை என்று அது வரையறுத்தது. இந்திய அரசாங்கம் தன் பிரஜைகளைக் கடல் கடந்து அனுப்புவதற்கு விதித்த நிபந்தனைகளின் நெருக்குதல் இதற்குக் காரணமேயன்றி, தோட்டத்துரைமாரின் தயாளம் காரணமன்று. ஆனால் அச்சட்டம் தோட்டத்து எல்லைக்குள் நின்றுவிட்டது. அதே தேசத்திலிருந்து கப்பலேறி வந்து, கொழும்பு ஆலையிலோ துறைமுகத்திலோ வேலைக்கமர்ந்த மற்றொருவனுக்கு அந்த 9 மணி நேரமும் சொந்தமில்லை, அந்த 54 சதமும் சொந்தமில்லை.

அப்படிப்பட்டவர்களை வெள்ளவத்தையில் காணலாம். இன்று வானளாவிய மாடிக் குடியிருப்புகள் எழுந்து ஹவ்லொக் சிட்டி என்று வழங்கப்படும் அந்த விசாலமான நிலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கிவந்தது. இலங்கையின் மிகப் பெரிய நெசவாலையாக விளங்கிய அதன் தொழிலாளரில் பெரும்பகுதியினர் இந்தியர். அவர்களிலும் மலையாளிகள் தொகை மிகுதி. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலிக் குறைப்பை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இலண்டனில் கல்வி கற்றுத் திரும்பியிருந்த இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வாவும் அவருடைய வாலிபர் சங்கத்துத் தோழர்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஒரு காலத்தில் கொழும்புத் தொழிலாளரின் நிகரற்ற தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்கவோ, வேலையின்மை பெருகிய அந்நாளில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான இன உணர்ச்சியைத் துணைக்கொண்டு அவ்வேலைநிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு வெள்ளவத்தைச் சம்பவம் ஒரு முன்னுரையாயிற்று என்பது சரித்திர ஆசிரியர் பலரின் அபிப்பிராயம்.

அரசியல் விளைவு அவ்வாறிருக்க, நம் அத்தியாயத்துக்குரிய பாடம் வேறு. ஆலைத் தொழிலில் கூலி கணக்கிடப்படும் முறைகள் இரண்டு: நாளுக்கு இவ்வளவு என்பது ஒன்று, நெய்த துணியின் அளவுக்கு, நூற்ற நூலின் நிறைக்கு இவ்வளவு என்பது மற்றொன்று. நாட்கூலிக்காரனின் நேரத்தைக் குறைத்து, நாட்கூலியைக் குறைக்காமல் விட்டால், அவனுடைய ஒரு மணி நேரத்தின் விலை உயருகிறது. அளவுக்கூலிக்காரனின் நேரத்தை மட்டும் குறைத்து, அளவுக்குரிய விகிதத்தை உயர்த்தாமல் விட்டால், யந்திரம் நின்ற நேரமெல்லாம் அவன் அடுப்பும் அணைந்த நேரமாகிறது. வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் என்றவுடன் தொழிலாளர் அனைவரும் மகிழ்ந்து வரவேற்பார்கள் என்று எண்ணுவது பிசகு என்பதையும், கூலியைப் பற்றி மௌனம் சாதிக்கும் நேரச் சட்டம் ஏழையின் வருமானத்தையே அரித்துவிடக் கூடும் என்பதையும், அந்நாளைய ஆலைக் கூலியாளுக்கு ஒருவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதனாற்போலும், இலங்கைச் சட்டங்கள் முதலில் கூலியின் பக்கமிருந்தே வந்தன. டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாக அமர்ந்தவர், அருணாசலத்தின் நலச் சங்கத்தில் செயலாளராகப் பணிபுரிந்து பயிற்சி பெற்றவரும், மலைநாட்டுத் தமிழருமான பெரி சுந்தரம். அவர் காலத்தில் 1934இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1935இல் தொழிற்சங்கச் சட்டமும் நிறைவேறின. அவருக்குப் பின், 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. முதலாளிமாரின் பிரதிநிதிகள், தொழிலாளரின் பிரதிநிதிகள், இருசாராரையும் சேராத நியமன உறுப்பினர்கள் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, தொழில் தொழிலாகக் குறைந்தபட்சக் கூலியையும் அக்கூலிக்குரிய சாதாரண வேலை நாளின் அளவையும் மேலதிக நேரத்துக்குரிய விகிதத்தையும் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. அடுத்த ஆண்டு வந்த தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெண்களும் இளைஞரும் யந்திரங்களிடையே கழிக்கும் நேரத்துக்கு எல்லை கட்டிற்று. ஆலைக்கும் அச்சுக்கூடத்துக்கும் யந்திரசாலைக்கும் இவ்வாறு ஒரு வேலி கிடைத்தது.

கொட்டாஞ்சேனையின் துன்பம் வேறு வகைப்பட்டது. துறைமுகத்துக்கு அண்மையில், கொச்சிக்கடை முதல் ஜம்பட்டா வீதி வரையிலான சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த துறைமுகக் கூலியாட்களுக்கு வேலை நேரம் மிகுதி என்பது மட்டும் முறைப்பாடன்று; வேலையே நிச்சயமில்லை என்பதே முறைப்பாடு. கப்பல் வந்தால் இரவு பகலாக வேலை. வராவிட்டால் சும்மா நிற்றல். ஆள் சேர்க்கும் கங்காணி யாருடைய பெயரைக் கூப்பிடுகிறாரோ அவன் அன்று பிழைத்தான். இப்படிப்பட்ட இடத்தில் வாரத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதே என்று சொல்வதைவிட, வாரத்துக்கு இத்தனை நாள் வேலையாவது கொடு என்று சொல்வதே முதற்காரியமாக இருந்தது. நேர வரம்பு, நிரந்தர வேலையுள்ளவனுக்கே பயன்படும் பாதுகாப்பு என்பதைக் கொட்டாஞ்சேனை நமக்குக் கற்பிக்கிறது. துறைமுகத்தின் கதை தனி அத்தியாயத்துக்குரியதாகையால் அதை இங்கே நிறுத்திக்கொள்வோம்.

எல்லைக்கு அப்பால் கடைசிவரை நின்றுவிட்டவர்கள் கடைச் சிப்பந்திகளும் கந்தோர் இலிகிதர்களுமே. புழுதியும் கரியும் படாத வேலை என்று உலகம் அவர்களை மதித்ததால், அவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது நெடுங்காலம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புறக்கோட்டைக் கடையொன்றின் அன்றைய நாளைச் சற்றே நெருங்கிப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளிலிருந்தும், காரைநகரிலிருந்தும், தென்னிந்தியக் கரையோரத்து ஊர்களிலிருந்தும் பதின்மூன்று பதினான்கு வயதில் வந்து சேரும் பொடியன், உறவு முறையில் முதலாளிக்கு மருமகனாகவோ, ஊர் முறையில் அயலவனாகவோ இருப்பான். விடியுமுன் எழுந்து, இலக்கமிட்ட முன்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே அடுக்கி, வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்துச் சாமி படத்துக்கு விளக்கேற்றுவதோடு அவன் நாள் தொடங்கும். இரவில் அதே பலகைகளை அதே இலக்க வரிசையில் மாட்டி உட்புறம் தாழிட்ட பின்னும் அது முடிவதில்லை. பலகைக்கு உட்புறம், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், மூட்டை பிரித்தலும் சரக்கு நிறுத்தலும் நாட்குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பதிதலும் நடக்கும். பிறகு அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வான். சாப்பாடும் படுக்கையும் கடையில். சம்பளம் என்பது கையில் வாங்கும் பணமாக இராமல், முதலாளியின் பேரேட்டில் அவன் பெயரில் ஏறிக்கொண்டுபோகும் ஒரு தொகையாக இருக்கும். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகும்போது அதில் ஒரு பகுதி கிடைக்கும்.

“தம்பி, நேரம் பாத்து வேலை செய்யிறவன் ஒரு நாளும் கடை போடமாட்டான்” என்பது முதலாளிமார் வாயில் சாதாரணமாக வழங்கிய உபதேசம். இதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அந்த முதலாளியும் அதே பாயில் படுத்து எழும்பியவர்தாம். பத்துப் பதினைந்து வருஷம் நின்று தொழில் பழகிய சிப்பந்திக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்து, பதுளையிலோ மாத்தறையிலோ தனிக்கடை போட்டுக்கொடுத்த முதலாளிமார் பலர். ஆகவே, அந்தச் சிப்பந்தியின் உண்மையான சம்பளத்தில் ஒரு பங்கு சோறு, ஒரு பங்கு காசு, ஒரு பங்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலித்தவனுக்கு உழைத்த நேரமெல்லாம் முதலாயிற்று. பலியாதவனுக்கோ, முப்பது வயதில் ஊருக்குத் திரும்பும்போது, எத்தனை ஆயிரம் மணி நேரம் எதற்குக் கொடுத்தோம் என்று கணக்குப் பார்க்க ஓர் அளவுகோலும் இருக்கவில்லை.

1938ஆம் ஆண்டுக் கடை ஒழுங்குச் சட்டம், கடைகள் மூடப்படவேண்டிய நேரத்தைக் கட்டளையால் விதிப்பதற்கு வழி செய்தது. அது ஒரு தொடக்கமே. வாசற் பலகை மாட்டியாயிற்றா என்பதைப் பரிசோதகர் வீதியில் நின்றே பார்த்துவிடலாம். பலகைக்குப் பின்னால் வேலை நின்றதா என்பதை அங்கிருந்து பார்க்க முடியாது. கடை மூடும் நேரத்தை மட்டும் விதிக்கும் சட்டத்தால் சிப்பந்தியின் நாள் முடிந்துவிடுவதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து காலை ரயிலேறிக் கோட்டைக்குச் சென்ற இலிகிதரின் நிலை பார்வைக்கு மேலானது. வெள்ளைக் கால்சட்டை, நிச்சயமான மாதச் சம்பளம், ஆங்கிலக் கம்பெனியின் பெயர். ஆனால் தபாற் கப்பல் புறப்படும் நாளிலும், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் வாரங்களிலும், விளக்கு வைத்த பின்னும் மேசையை விட்டு எழும்ப முடியாது. அதற்கென்று தனிப்பணம் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. மாதச் சம்பளம் என்ற சொற்றொடரே, மாதம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம் என்று வியாக்கியானம் செய்யப்பட்டது. இவர்களுக்காக 1928இல் குணசிங்க ஆரம்பித்த இலங்கை வர்த்தகத் தொழிலாளர் சங்கம், 1948இல் பாலா தம்பு பொதுச் செயலாளரானபின் புதிய வேகம் பெற்றது. விவசாயக் கல்லூரி விரிவுரையாளராக இருந்து, 1947ஆம் ஆண்டு அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டதற்காகப் பதவி நீக்கம் பெற்ற அவர், 2014இல் மறையும்வரை அச்சங்கத்தின் பொதுச் செயலாளராகவே இருந்தார். அதே 1947 வேலைநிறுத்தத்தில்தான், ஜூன் 5ஆம் திகதி, வி. கந்தசாமி என்ற அரசாங்க இலிகிதர் கொழும்பில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். இலிகிதர் சாந்த சுபாவிகள், வீதிக்கு வரமாட்டார்கள் என்ற பழைய எண்ணம் அன்றோடு தகர்ந்தது.

பின்னர் 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வந்தது. ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே பாய்ச்சலில் ஏறியதால், சம்பளத்தில் ஒரு சதமும் குறையாமலே ஒவ்வொரு குடும்பத்தின் சம்பளமும் குறைந்துபோயிற்று. நாடு ஸ்தம்பித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அக்டோபரில் பதவி துறந்தார். சேர் ஜோன் கொத்தலாவலை அவ்விடத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டில், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, கடை, அலுவலக ஊழியர் (ஊழியத்தையும் வேதனத்தையும் ஒழுங்குபடுத்தல்) சட்டம் நிறைவேறியது. ஒன்றின் நேர்விளைவே மற்றொன்று என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஹர்த்தாலைக் கண்ட அரசாங்கம், நகரத்து ஊழியரின் குறையை முன்போல ஒதுக்கி வைக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்பது திண்ணம்.

அச்சட்டத்தின் சாரத்தைச் சுருக்கிச் சொல்லலாம். சாப்பாட்டு வேளை நீங்கலாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45. வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறை; அவ்வாரத்தில் 28 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்தவருக்கு அந்த விடுமுறை சம்பளத்தோடு. ஆண்டு விடுமுறை 14 நாள். சொந்தக் காரியத்துக்கும் சுகவீனத்துக்கும் 7 நாள். மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது. அதற்குரிய கூலி ஒன்றரை மடங்கு. சம்பள காலம் ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. வேலைக்குச் சேரும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். நேரத்தையும் சம்பளத்தையும் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இந்த மூன்று ஏற்பாடுகளும், 45 என்ற எண்ணைப்போலப் புகழ் பெறாவிட்டாலும், புறக்கோட்டைக் கடையின் பழைய வழக்கத்தை வேரோடு அசைத்தவை. ஆண்டுக்கொரு முறை பேரேட்டைப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் முறை சட்டவிரோதமாயிற்று. நம்பிக்கையாக இருந்த பங்கு காசாக மாறவேண்டியதாயிற்று.

சம்பளத்துக்கு இதனால் நேர்ந்ததென்ன என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். வசதிக்காக மாதச் சம்பளம் 120 ரூபா பெறும் ஒரு சிப்பந்தியை எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்கு முன் அவர் ஆறு நாள் 12 மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை அரைநாளாக 6 மணி நேரமும் நின்றார் என்றால், வாரத்துக்கு 78, மாதத்துக்குச் சராசரி 338 மணி நேரம். ஒரு மணி நேரத்தின் விலை ஏறக்குறைய 35½ சதம். சட்டம் வந்து 45 மணி நேரமானபின், மாதத்துக்குச் சராசரி 195. அதே 120 ரூபாவுக்கு ஒரு மணி நேரத்தின் விலை 61½ சதம். சம்பளப் பட்டியலில் ஒரு சதம்கூட ஏறவில்லை. உழைப்பின் விலையோ முக்காற்பங்குக்குக் கிட்ட ஏறிவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு நேர வரம்பே சம்பள உயர்வு என்பது இதனால் புலப்படும். வெள்ளவத்தை ஆலையின் அளவுக்கூலிக்காரனுக்கு இது பொருந்தாது என்பதையும், கொட்டாஞ்சேனைத் துறைமுகத்துக்கு இது எட்டவேயில்லை என்பதையும் வாசகர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்றால், எதற்கு ஒன்றரை மடங்கு? கடை, அலுவலகக் கணக்கில் மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து வரும் தொகையையே ஒரு மணி நேரச் சம்பளமாகக் கொள்வது இன்றளவும் நடைமுறை. நாளுக்கு 8 வீதம் 30 நாளுக்கு 240. நம் சிப்பந்தியின் 120 ரூபாவை அவ்வாறு வகுத்தால் 50 சதம். ஒன்றரை மடங்கு 75 சதம். அவர் உண்மையில் உழைக்கும் 195 மணி நேரத்தால் வகுத்திருந்தால், 61½ சதமும் அதன் ஒன்றரை மடங்காக 92 சதமும் வந்திருக்கும். மாதச் சம்பளம் விடுமுறை நாட்களுக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது, ஆகையால் அந்நாட்களையும் கணக்கில் சேர்ப்பதே முறை என்பது முதலாளி பக்கத்து வாதம். அதில் ஒரு தருக்க ஒழுங்கு இருக்கிறது. எனினும் விளைவைப் பார்த்தால், 61½ சதப் பெறுமதியுள்ள மணி நேரத்துக்கு மேல் வாங்கும் மேலதிக மணி நேரம் 75 சதத்துக்குக் கிடைக்கிறது. ஒன்றரை மடங்கு என்று சட்டம் சொன்னது, கந்தோர் மேசைக்கு வந்து சேரும்போது ஒன்றே கால் மடங்குக்கும் குறைந்துவிடுகிறது. பாதிக்குப் பாதி கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தால் மற்றோர் ஆளை நியமிப்பதே லாபம் என்று முதலாளி எண்ணக்கூடும். கால்வாசியே கூடுதல் என்றால், இருக்கிறவரையே இன்னும் இரண்டு மணி நேரம் மறித்து வைப்பது லாபம். நேரத்தைக் குறைத்தால் வேலை பலருக்குப் பகிர்ந்து கிடைக்கும் என்ற உலகப் பிரசித்தமான எதிர்பார்ப்பு, இந்த வகுத்தல் கணக்கின் முன் சற்றே மெலிந்துபோவதைக் காண்கிறோம்.

ஊழியர் பக்கத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. வாரத்துக்கு 12 மணி நேரம் மேலதிக வேலை கிடைத்தால், நம் சிப்பந்திக்கு மாதத்தில் சராசரி 52 மணி நேரத்துக்கு 39 ரூபா சேரும். 120க்கு 39 என்பது ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவு. நாளடைவில் அந்த ஓவர்டைம் பணம், வந்தால் வரட்டும் என்றிருந்த நிலை மாறி, இல்லாவிட்டால் மாதம் போகாது என்ற நிலைக்கு வந்தது. அடிப்படைச் சம்பளம் விலைவாசியோடு ஏறாத காலங்களில், வேலை நேரத்தின் எல்லையை ஊழியரே முன்வந்து தாண்ட விரும்பினார்கள். பிற்காலத்தில் இது பெருமளவில் வெளிப்பட்ட இடம் ஆடைத் தொழிற்சாலை. தொழிற்சாலைச் சட்டத்தின்படி பெண்களுக்கு ஆண்டுக்கு 100 மணி நேரமாக இருந்த மேலதிக வேலை எல்லை, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாதத்துக்கு 60 மணி நேரமாக விரிந்தது. ஏற்றுமதிக் கம்பெனிகள் அதை வேண்டி நின்றதில் வியப்பில்லை. மேலதிக நேரப் பணமின்றி வாடகையும் கொடுத்து ஊருக்கும் அனுப்ப இயலாத பெண் தொழிலாளருக்கும் அதை ஒரேயடியாக மறுத்துவிட முடியாமற் போனதே கவலைக்குரியது.

வாரம் என்ற அளவும் ஒரு தடவை ஆட்டங்கண்டது. 1966 முதல் 1971 வரை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாகவும், அவற்றுக்கு முந்திய நாள் அரைநாளாகவும் கொள்ளப்பட்டன. சந்திரன் சுற்றும் கணக்கில் ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சராசரி ஏழே கால் நாளுக்கும் சற்று மேற்படும். ஆகவே ஆண்டுக்கு 52 ஆக இருந்த ஓய்வு நாட்கள் 49 அல்லது 50 ஆயின. சம்பளம் மாறவில்லை, இரண்டு மூன்று நாள் உழைப்பு மட்டும் சந்தடியின்றிக் கூடிற்று. அயல்நாட்டு வங்கிகளும் கப்பல்களும் ஞாயிற்றுக்கிழமையை விடாது பற்றிக்கொண்டிருந்த காரணத்தால் வர்த்தகர்களும் சலித்துப்போக, 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், வேலை நேர வரம்பு சம்பளத்தை உயர்த்துமா குறைக்குமா என்ற வினாவுக்குக் கொழும்பு நகரம் மூன்று விடைகள் தந்திருப்பதைக் காணலாம். மாதச் சம்பளக்காரருக்கு அது உயர்த்திற்று. அளவுக்கூலிக்காரருக்கு, விகிதம் உயர்ந்தாலொழிய, அது குறைத்தது. அன்றாடம் வேலை தேடியவருக்கு அது ஒன்றுமே செய்யவில்லை. சட்டத்தின் பெயரில் ஊழியமும் வேதனமும் சேர்ந்தே இடம் பெற்றது தற்செயலன்று. இரண்டில் ஒன்றை மட்டும் ஒழுங்குபடுத்தினால் மற்றதன் வழியாக முழுவதும் ஒழுகிப்போகும் என்பதை, 1919இலிருந்து நடந்தவை அனைத்தும் உணர்த்தியிருந்தன. அப்படியிருந்தும் ஒழுக்கு முற்றிலும் அடைபடவில்லை. 45 என்று எழுதியது சட்டமன்றம். 240 என்று வகுத்தது கணக்குப்பிள்ளையின் பேனா. பதிவேட்டில் புறப்பட்ட நேரமாக எதை எழுதுவது என்பதும் அந்தப் பேனாவின் கையிலேயே இருந்தது. ஆகையால்தான், சங்கம் வலுவாக இருந்த கோட்டைக் கம்பெனிகளில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்துக்கு எழுத்து நடந்தேறியதையும், சங்கமே இல்லாத சிறு கடைகளில் அது சுவரில் தொங்கும் அறிவித்தலாகவே நெடுநாள் இருந்துவிட்டதையும் காண்கிறோம்.

அந்தச் சட்டம் எட்டாத கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளர், 1958 ஆகஸ்டில் துறைமுகச் சரக்கு வேலை அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது, முதன்முறையாக நிரந்தர வேலையும் அதனோடு ஒரு வேலை நாளும் பெற்றார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும், அதனால் கங்காணிமாரின் ஆட்சி ஒழிந்த விதத்தையும் அடுத்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம்.